வாடகை டெக்கிலிருந்து சொந்த டிவிடி வரை

1980களில் எங்கள் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் 'டெக்' என்றால் ஒரு விசேஷம் என்றுதான் பொருள். "நாளைக்கு அவங்க வீட்ல டெக்கு" என்று யாராவது சொன்னால், அங்கே மஞ்சள் நீராட்டோ வளைகாப்போ நடக்கிறது, இரவு முழுக்கப் படம் ஓடும், தெருவே போய் உட்காரலாம் என்று புரிந்துகொள்வோம். வி.சி.ஆர்., வி.சி.பி. என்ற பெயர்களெல்லாம் கடைப் பலகையோடு சரி. கலர் டிவி ஒன்று, டெக் ஒன்று, கேசட் மூன்று, இவற்றைத் தூக்கி வந்து ஒயர் மாட்டி ஓட்டிக் காட்டுகிற பையன் ஒருவன். எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகை. காலை ஆறு மணிக்குப் பையன் வாசலில் வந்து நிற்பான். மூன்றாவது படத்தில் கிளைமாக்ஸ் பாக்கி இருந்தாலும் அவனுக்குக் கவலை இல்லை. அவனுக்கு அடுத்த தெருவில் அடுத்த புக்கிங்.

இந்த வாடகையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், பின்னாளில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த டிவிடி பிளேயர் எங்கள் பகுதியில் என்ன செய்தது என்பது விளங்கும். இங்கே எல்லாமே வாடகைதான். வீடு வாடகை, சைக்கிள் மணிக்கணக்கில் வாடகை, விசேஷத்துக்கு அண்டா குண்டா வாடகை, பெஞ்சு வாடகை. படம் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. தில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. டெக்குகள் கண்ணில் படத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். எங்கள் பக்கம் அவை பெரும்பாலும் கடல் வழியாக வந்தன. கப்பலில் வேலை பார்த்தவர்கள், துபாய் போய் வந்தவர்கள், அவர்களுக்கு அடுத்தபடி பர்மா பஜார். பர்மாவில் 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்துப் பிறகு கடை கண்ணிகளையும் அரசுடைமை ஆக்கிவிட, இருந்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்களுக்காக, 1960களின் கடைசியில் ராஜாஜி சாலை ஓரம், பீச் ஸ்டேஷன் பக்கத்தில் உருவான கடைகள் அவை. வெளிநாட்டுச் சாமானுக்கு அரசாங்கம் கதவை இறுக்கிச் சாத்தி வைத்திருந்த காலத்தில், துறைமுகத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். டேப் ரெக்கார்டர், கேமரா, டெக், பிறகு விசிடி, டிவிடி என்று எங்கள் பகுதியின் பொழுதுபோக்கு வரலாற்றை அந்த வரிசைக் கடைகளின் முன் நின்றே எழுதிவிடலாம்.

வீடியோவில் படம் போட்டுக் காசு வாங்குவது பெருகிப்போய், அதை ஒழுங்குபடுத்தவென்றே 1984-இல் தமிழக அரசு ஒரு சட்டம் போட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஆடிக் கூழ் வார்ப்பதற்கும் சிவராத்திரிக்கும் டெக் எடுப்பது நிற்கவில்லை. சிவராத்திரிக்குக் கண் விழிக்க வேண்டுமே! முதல் படம் 'திருவிளையாடல்', மூன்றாவது படம் வேறு எதுவாகவும் இருக்கலாம்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கேபிள் ஒயர் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவியது. படம் வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் மணி அவர்கள் கையில் இருந்தது. எங்கள் பகுதிக்கு இதுதான் பெரிய குறை. எண்ணூரில் அசோக் லேலண்ட், அனல்மின் நிலையம், திருவொற்றியூரில் எம்.ஆர்.எப்., என்ஃபீல்டு, மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், ராயபுரத்தை ஒட்டித் துறைமுகம். பாதிப் பேருக்கு ஷிப்ட் வேலை. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு என்று வாரத்துக்கு வாரம் மாறும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் ஒருவன் சாயங்காலப் படத்தையோ ஒன்பது மணித் தொடரையோ பார்க்கவே முடியாது. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்கு அதுவும் இல்லை, பல நாள் கடலில். ஞாயிற்றுக்கிழமையை எண்ணி நிகழ்ச்சி போடுகிறவர்களுக்கு எங்கள் ஊரின் ஞாயிறு செவ்வாயிலும் வியாழனிலும் வரும் என்று தெரியாது.

விசிடி என்கிற தட்டு இந்த நிலையில்தான் வந்து சேர்ந்தது. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகியோர் சேர்ந்து 1993-இல் வகுத்த முறை அது. சாதாரண சிடியிலேயே படத்தை அடைப்பது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் நம் ஊர்ப் படம் ஒன்றுக்கு இரண்டு தட்டு, நீளப் படமென்றால் மூன்று. இடைவேளை எங்கே விடுவது என்பதை டைரக்டர் முடிவு செய்த காலம் போய், தட்டு முடிகிற இடம் முடிவு செய்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நடிகர் உறைந்து நிற்பார், எழுந்து போய்த் தட்டு மாற்ற வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விசிடியை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும் நாமும்தான் அதை வாழவைத்தோம்.

டிவிடி பிளேயர் முதலில் விற்பனைக்கு வந்தது ஜப்பானில், 1996 நவம்பரில். சிடியைப் படிப்பது கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒளியின் அலைநீளம் குறைந்தால் நுனி கூர்மையாகும்; கூர்மையானால் கோடுகளை நெருக்கி எழுதலாம். சிடியில் 1.6 மைக்ரான் இடைவெளியில் ஓடிய தடம் டிவிடியில் 0.74 மைக்ரான் ஆனது. அதே அளவு தட்டில் 4.7 ஜிபி. ஒரு முழுப் படம் எழுந்திருக்காமல் பார்க்கலாம்.

எப்படி இவ்வளவு மலிவானது என்று பலர் ஆச்சரியப்பட்டதுண்டு. மெஷின் ஷாப்பில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு அது ஆச்சரியமாகத் தெரியவில்லை. ஒரு டெக்கைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சாய்வாகச் சுழலும் ஹெட் டிரம், டேப்பை வெளியே இழுத்து அதன்மேல் சுற்றிவிடும் கைகள், பெல்ட், கியர், ரப்பர் உருளை. எல்லாம் மைக்ரான் கணக்கில் கடைய வேண்டிய வேலை. கடைசல் வேலையின் விலை ஒரு அளவுக்குக் கீழே இறங்காது. டிவிடி பிளேயரில் இருப்பது என்ன? தட்டை வெளியே தள்ள ஒரு மோட்டார், சுழற்ற ஒன்று, லென்ஸை நகர்த்த ஒன்று. மீதி வேலையெல்லாம் ஒரு சிப். துல்லியம் உலோகத்திலிருந்து சிலிக்கானுக்கு மாறிவிட்டது. சிலிக்கான் விலை இறங்கிக்கொண்டே போகும் பொருள். தைவானில் 1997-இல் தொடங்கிய மீடியாடெக் போன்ற நிறுவனங்கள், சிப்போடு அதற்கான புரோகிராமையும் தயாராகக் கொடுத்தன. வாங்கிப் போட்டு மூடி, மேலே ஒரு பெயரை ஒட்டினால் பிளேயர் ரெடி. தென்சீனாவில் நூற்றுக்கணக்கான சின்னத் தொழிற்சாலைகள் இதைச் செய்தன.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பெட்டியில் போட மாட்டார்கள். டிவிடிக்கான காப்புரிமைகள் இரண்டு கூட்டணிகளிடம் இருந்தன. பிலிப்ஸ், சோனி, பயனியர் ஒரு பக்கம். தோஷிபா, ஹிட்டாச்சி, மட்சுஷிடா, மிட்சுபிஷி, ஜேவிசி, டைம் வார்னர் ஒரு பக்கம். ஒழுங்காகக் கட்டினால் ஒரு பெட்டிக்குப் பல டாலர். பெயர் தெரியாத பெட்டிகள் கட்டாமல் நழுவின, அதற்கு உலகம் முழுக்க வழக்கு. நம் நாட்டிலோ, 2001 ஏப்ரல் 1 முதல் நுகர்பொருள்களுக்கு எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. பெட்டியில் கொண்டுவந்தது போய், கண்டெய்னரில் வர ஆரம்பித்தது.

நான் வாங்கியது 2005 தீபாவளிக்கு முன். அதற்குள் போனஸ் பணத்துக்குள் அடங்கும் விலைக்கு வந்திருந்தது. அன்றைக்கு எங்கள் முன் மூன்று வழி இருந்தது. பிலிப்ஸ், சாம்சங், எல்ஜி, ஒனிடா என்று பெயர் பெற்ற பெட்டியைப் பில் போட்டு வாங்குவது. ரிச்சி தெருவில் அசெம்பிள் செட் வாங்குவது. பர்மா பஜாரில் பெயர் இல்லாததை, அல்லது பெயரில் ஒரு எழுத்து மாறியதை, பேரம் பேசி வாங்குவது. விலை கம்மி என்பதற்காக மட்டும் ஜனங்கள் மூன்றாவதைத் தேடவில்லை. கம்பெனி பெட்டி கூச்சம் பார்க்கும். டிவிடிக்காரர்கள் உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் வளைகுடாவும் 2, சிங்கப்பூர் 3, நாமும் இலங்கையும் ஆப்பிரிக்காவும் ரஷ்யாவும் 5. சிங்கப்பூரில் வாங்கிய தட்டு நம் ஊர்ப் பெட்டியில் ஓடாது. கப்பலுக்குப் போகிறவர் வீட்டில் ஐந்து துறைமுகத்துத் தட்டு இருக்கும், இந்தக் கட்டுப்பாடு அவருக்குக் கொடுமை. பெயரில்லாத சீனப் பெட்டிக்கு மண்டலமும் கிடையாது மண்ணும் கிடையாது. கீறல் விழுந்ததையும் எப்படியாவது தாண்டி ஓட்டும். விசிடி, எம்பி3, போட்டோ, எல்லாம் தின்னும். "கம்பெனி பெட்டி படிச்ச மாப்ள சார், எல்லாத்தையும் வாணாம்னும். இது நம்ம பையன்" என்றார் ஒரு கடைக்காரர். நான் கம்பெனி பெட்டிதான் வாங்கினேன். பக்கத்து வீட்டில் 'நம்ம பையனை' வாங்கினார்கள். தட்டு எடுக்காமல் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து அங்கேதான் போகும்.

இனி, இந்தப் பெட்டி செய்த வேலைக்கு வருகிறேன். எல்லோரும் படத்தின் தெளிவைப் பற்றிப் பேசுவார்கள். 720-க்கு 576 புள்ளி, விசிடியைப் போல நான்கு மடங்குக்கு மேல் என்று. பழைய பதினான்கு அங்குல டிவியில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரிந்தது! எங்கள் தெருவைப் பொறுத்தவரை ரிமோட்டில் இருந்த இரண்டு கோடு போட்ட பட்டன்தான் புதுமை. பாஸ்.

வடசென்னையில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2003, 2004 தண்ணீர்ப் பஞ்சம் நினைவிருக்கும். தண்ணி லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலை பத்துக்கும் வரும், மதியம் மூன்றுக்கும் வரும். வந்துவிட்டால் பத்து நிமிடம். குடத்தோடு ஓடாதவளுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. தியேட்டருக்கு மதியக் காட்சி போய்வந்த பெண்களும் இதனாலேயே போவதை விட்டிருந்தார்கள். டெக் எடுக்கிற வீட்டிலோ அன்று பந்தி பரிமாறுவதும் காபி போடுவதும் அவர்கள் வேலை, படம் மற்றவர்களுக்கு. கேபிளில் ஓடுகிற படம் தண்ணி லாரிக்காக நிற்காது. இந்தப் பெட்டிதான் முதன்முதலாக நின்றது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினொரு மணிக்கு மேல் நாலைந்து பெண்கள் சேர்வார்கள். லாரி ஹாரன் கேட்டதும் ஒருத்தி பட்டனை அமுக்குவாள், எல்லோரும் ஓடுவார்கள். கதாநாயகி வாயைத் திறந்தபடி கால் மணி நேரம் திரையில் நிற்பாள். திரும்பி வந்து, ஈரப் புடவையோடு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பார்ப்பார்கள். ஒரு படத்தை முழுசாகப் பார்த்துப் பத்து வருஷம் ஆச்சு என்று அவர்களில் ஒருவர் சொன்னது உண்மையான கணக்கு.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து மதியம் படம் போட்டவர்கள் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் வந்தால், அப்போது ஏப்ரல் 15-லிருந்து 45 நாள், குப்பத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் எம்.ஜி.ஆர். குரல். குத்துச்சண்டை பழகும் பையன்கள் டைசன் சண்டைகளைத் தட்டில் போட்டு, ஒரு குத்தை நாற்பது முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். டெக்கில் அப்படித் திருப்பித் திருப்பிப் போட்டால் கேசட் சிக்கும், வாடகைக்காரன் சண்டைக்கு வருவான்.

பெட்டி சரி, தட்டு? இங்கேதான் கதை கொஞ்சம் இருட்டில் நுழைகிறது. கடைசி வரை ஜனங்கள் 'திருட்டு விசிடி' என்றுதான் சொன்னார்கள், அது டிவிடி ஆன பிறகும். ஒரே தட்டில் ஐந்து படம் என்று விற்பார்கள். எப்படி என்று கேட்டால் கணக்கு எளிது. விசிடி முறையில் அடைத்தால் நிமிடத்துக்குப் பத்து எம்பி, இரண்டரை மணி நேரப் படத்துக்கு 1.5 ஜிபி, ஒரு டிவிடியில் மூன்று படம் கொள்ளும். டிவ்எக்ஸ் முறையில் சுருக்கினால் படத்துக்கு 700 எம்பி, ஆறு கூடக் கொள்ளும். புதுப் படம் வந்த மறுநாள் தியேட்டரில் கேமரா வைத்து எடுத்த பிரின்ட் வரும், குறுக்கே ஆள் எழுந்து போவதும் முன் வரிசை விசிலும் சேர்த்து. லண்டன் ஐங்கரன் போன்றவர்கள் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக முறைப்படி டிவிடி வெளியிட்ட பிறகு, அதிலிருந்து நகலெடுத்த 'ஒரிஜினல் பிரின்ட்' வரும்.

2004-இல் குண்டர் சட்டத்தில் 'வீடியோ திருடர்கள்' என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். 1982-இல் சாராயம், ரவுடித்தனம் போன்றவற்றுக்காக வந்த சட்டம் அது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். சினிமாக்காரர்களின் நஷ்டம் பொய் இல்லை. ஒரு படத்தில் போட்ட பணம் முதல் வாரத்தில் வந்தால்தான் உண்டு என்கிற தொழில் அது. ஆனால் பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்துத் தட்டு விற்ற பையனையும், ராத்திரியில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான் பார்த்தவரை போலீஸ் வேன் வந்தால் ஓட முடியாமல் நின்றது தார்ப்பாய்க்காரன்தான். அவனில் பலர் வேலை தேடி அலைந்த எங்கள் பக்கத்துப் பையன்கள். படித்த குடும்பங்கள் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அவனிடம் வாங்கின, அதையும் எழுதத்தான் வேண்டும்.

சட்டத்தைவிட அந்த வியாபாரத்தை அசைத்தது விலைதான் என்பது என் எண்ணம். வெற்றுத் தட்டு தயாரித்துக்கொண்டிருந்த மோசர் பேர் நிறுவனம், படங்களின் உரிமையை வாங்கி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று 2007 வாக்கில் இறக்கியது. அதுவரை முறையான தட்டு என்றால் நூறு ரூபாய்க்கு மேல், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். இது மளிகைக் கடையிலும் புத்தகக் கடையிலும் தொங்கியது. சிவாஜி, எம்.ஜி.ஆர்., ஜெமினி என்று பழைய படங்கள் வரிசையாக வந்தன. புதுப் படம் அவர்களிடம் உடனே கிடைக்காது, அதனால் இளவட்டங்கள் பிளாட்பாரத்துக்கே போனார்கள். என் வயதுக்காரர்களோ கூச்சமில்லாமல் பில்லோடு வாங்கிச் சேர்த்தோம். ஜனங்கள் திருட்டைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த இரண்டு மூன்று வருட விற்பனையைப் பார்த்திருக்க வேண்டும். இயக்குநர் சேரன் 2015-இல் தம் புதுப் படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேராக வீட்டுக்கே கொண்டுவர முயன்றார். நல்ல யோசனை, எட்டு வருடம் முன்னால் வந்திருந்தால் வேறு கதை. அதற்குள் பிளேயர்கள் பரண் ஏறியிருந்தன. மோசர் பேர் நிறுவனத்தையே 2018-இல் கலைத்துவிட உத்தரவாயிற்று.

டிவி இல்லாமல் பிளேயர் எதற்கு? அந்த இடத்தை நிரப்பியது 2006 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு 14 அங்குல டிவி போய்ச் சேர்ந்தது. அரசியலை விடுங்கள். அந்த டிவியில் வெள்ளை, மஞ்சள் சொருகி மாட்ட ஓட்டை இருந்தது, அதுதான் எனக்கு முக்கியம். கேபிளுக்கு மாதா மாதம் கட்ட வேண்டும். பிளேயருக்கு ஒரு முறை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலர், இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரு பிளேயர் வாங்கி முறை வைத்தார்கள். சின்னத் திரையில் கள்ளப் பிரின்ட்டின் அசிங்கமும் தெரியவில்லை.

எங்கள் பகுதியில் இந்தப் பெட்டிகளின் ஆயுள் மட்டும் மற்ற இடங்களைவிடக் குறைவு. ஒரு பக்கம் உப்புக் காற்று, போர்டில் உள்ள ஈயப் பற்றைப் பச்சையாக்கிவிடும். இன்னொரு பக்கம் ராயபுரத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூள், எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல். துவைத்த துணியிலேயே கறுப்புப் படியும் ஊரில் லென்ஸ் எம்மாத்திரம்! அந்த லென்ஸ் பிளாஸ்டிக், ஒரு துவரம் பருப்பு அளவு. மேலே மெல்லியதாகத் தூசி படிந்தாலே ஒளி சிதறும், 'நோ டிஸ்க்' என்று காட்டும். மெக்கானிக் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். அதற்கும் எடுக்கவில்லை என்றால் லென்ஸ் ஓரத்தில் உள்ள குட்டி பிரீசெட்டை ஒரு மயிரிழை திருகி லேசருக்குக் கரண்டைக் கூட்டுவார். "ஆறு மாசம் ஓடும் சார், அப்புறம் லென்ஸே மாத்திடணும்." அப்படித்தான் நடக்கும். கரண்ட் ஏற்ற இறக்கத்தில் கண்டன்சர் உப்புவது தனிக் கணக்கு. உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்து மெக்கானிக்குக் கொஞ்சம் ஓய்வு. நிலக்கரி போய்ச் சேர்ந்த இடம் எண்ணூர்.

தட்டைத் துடைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஆட்கள் லுங்கி நுனியால் வட்டமாகத் தேய்ப்பார்கள். தடமும் வட்டமாகத்தான் ஓடுகிறது. வட்டக் கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக எழுத்து அழியும், விட்ட எழுத்தை ஊகித்து நிரப்புகிற கணக்கு தோற்றுப்போகும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தால், கீறினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளி மட்டும்தான் போகும், அதை அது சமாளித்துக்கொள்ளும்.

பிளேயர் போன விதத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். முன்பக்கம் யுஎஸ்பி ஓட்டை வைத்தபோதே தட்டின் கதை முடிந்தது. பென் டிரைவ், பிறகு செல்போன் மெமரி கார்டு, 2016 செப்டம்பரில் ஜியோ. யாரும் கவனிக்காத ஒரு காரணம், செட்டாப் பாக்ஸ். 2017-இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து வீடு வீடாகப் பெட்டி வந்தபோது, இலவச டிவியின் பின்னால் இருந்த அந்த ஒரே ஓட்டையை அது பிடித்துக்கொண்டது. பிளேயர் ஒயரைப் பிடுங்கி மேலே வைத்தார்கள். திரும்ப மாட்டவில்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் 2020-இல் மூடிவிட்டது, அதற்குத் தட்டைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. தட்டு செத்து ரொம்ப நாள் கழித்துத்தான் தியேட்டர் மூடியது என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

சினிமாத் தட்டு போனால் போகட்டும், எதுவும் எங்காவது கிடைக்கும். கல்யாணத் தட்டு அப்படி இல்லை. ஏறக்குறைய 2003-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம், எங்கள் பகுதியின் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் டிவிடியில்தான் பதிவானது. 'கல்யாண கேசட்' என்றே சொல்வார்கள், கையில் கொடுப்பது தட்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குப்பத்து வீடுகளில் கேசட்டுகள் சேற்றில் ஊறிப்போயின. ஒரு குடும்பம், உள்ளூரில் இருந்த உறவினரிடம் தப்பிய கேசட்டை வாங்கி வந்து தட்டில் ஏற்றி வைத்துக்கொண்டது. தட்டுக்குத் தண்ணீர் பயமில்லை என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அது கடையில் அச்சடித்து வருகிற தட்டுக்குப் பொருந்தும். வீடியோகாரர் எரித்துக் கொடுப்பது வேறு ஜாதி. கம்பெனித் தட்டில் எழுத்து பிளாஸ்டிக்கிலேயே பள்ளமாக அழுந்தியிருக்கும். வீட்டில் எரிக்கும் தட்டில் ஒரு சாயப் பூச்சு, லேசர் அதைச் சுட்டுத் தழும்பு வைக்கும். வெயிலிலும் வெக்கையிலும் சாயம் வெளுக்கும். மேலே மணமக்கள் படம் போட்டு ஒட்டிய காகித ஸ்டிக்கர் ஈரத்தில் சுருங்கித் தட்டை வளைக்கும்.

கடந்த இரண்டு ஆண்டாக அக்கம்பக்கத்துத் தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். புது லேப்டாப்பில் தட்டு போடும் இடமே இல்லை. ரிச்சி தெருவில் யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. சுமாராக நாலில் ஒன்று எடுப்பதில்லை. மேற்சொன்ன குடும்பத்துத் தட்டு எடுத்தது, கடைசி இருபது நிமிடம் தவிர. அந்த வீட்டு அம்மாவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பந்தியில் நின்றுகொண்டு "சாம்பார் இங்க வா" என்று அவர் யாரையோ கூப்பிடுவது நடுப்பகுதியில் இருந்தது, தப்பித்தது. அந்த அம்மா அதை மூன்று முறை ஓட்டச் சொன்னார். பேரனுக்கு அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் பரணில் இப்படித் தட்டு இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், கூடவே பூச்சும் வரும். பற்பசை தேய்க்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து வெளியே துடைத்துக் காயவையுங்கள். ஒரு டிரைவில் எடுக்கவில்லை என்றால் இன்னொன்றில் போடுங்கள், பழைய டிரைவ் சில சமயம் புதியதைவிட நன்றாகப் படிக்கும். டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள், விசிடியாக இருந்தால் 'எம்பெக் ஏவி' ஃபோல்டரில் உள்ள கோப்பை. இரண்டு இடத்தில் வையுங்கள். திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் என்னிடமே கொண்டு வரலாம், காலை பத்துக்கு மேல்.